அக்காவுக்கு வாசித்த சங்கீதம்

செவ்வாய், இரவு

வால்தம்ஸ்டோவில் அக்கா வீட்டில் அவளைப் பார்த்துவிட்டு இப்போதுதான் ரயிலில் ஹரோவில் என் வீட்டுக்கு வந்தேன். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லி ஒரு கிழமை. நெற்றியில் திருநீற்றோடு படுத்திருந்த அக்கா இன்று கேட்டாள்: "பைபிள் வாசிச்சிட்டு எழும்பேக்கை உன்ர முகம் வேற மாதிரிக் கிடக்கும். அந்தச் சந்தோசம் எனக்கும் வேணும். வாசி."

தமிழ் வேதாகமத்தில் ஒரு சங்கீதம் வாசித்தேன். யாருக்கோ வந்த கடிதத்தை வாசிப்பது போலிருந்தது. பலேர்மோவில் வீடுகள் துடைத்த காலத்தில், பாஷை பழகவென்று எடுத்த இத்தாலிய வேதாகமத்தில்தான் எனக்கு ஆண்டவர் கிடைத்தார். இத்தனை வருடமாகியும் வேறு மொழியில் வருகிறாரில்லை.

"அப்ப இத்தாலியன்லயே வாசியன்," என்றாள் அக்கா.

அதே சங்கீதத்தை வாசித்தேன். நெஞ்சு நிறைந்தது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு வருது, என்ன?"

"ஓம் அக்கா."

"எனக்கு வரேல்லை."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். ஒவ்வொரு வரியாகத் தமிழில் விளங்கப்படுத்தினேன். அவள் திரும்பவில்லை.

ரயிலில் வரும்போதும் அந்தச் சந்தோசம் எனக்குள் அப்படியே இருந்தது. வெட்கமாயிருந்தது. இன்றைக்கு மட்டுமாவது போய்விடு என்று கெஞ்சினேன். போகவில்லை. இதை எழுதும்போதும் இருக்கிறது.