தளத்துக்குள் இருந்த டப்பாக்கள்

என் அன்பு மாமா,

தாலி கட்டிய பிறகும் உங்களை அப்படித்தானே கூப்பிட்டேன். நான் படித்தது மூன்றாவது வரைதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போய் வருஷம் திரும்பிவிட்டது. அதுவரை புது வீட்டில் பால் காய்ச்சக் கூடாது என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். இந்த வாரம்தான் கரண்டு வேலை முடிந்தது. உங்களோடு வயரிங் வேலைக்கு வந்துகொண்டிருந்த சேகர்தான் செய்தார்.

திருச்சியில் ஒரு ஓட்டலுக்கு வயர் இழுத்துவிட்டு வந்து சொன்னீர்களே: "அஞ்சல, அங்க விளக்கு ஒண்ணும் தொங்கலடி. தளத்துக்குள்ளயே ஒளிஞ்சிக்கிட்டு வெளிச்சத்த மட்டும் கீழ வுடுது." விக்கிரமங்கலத்தில் நம் வீட்டுக்கும் அப்படித்தான் வேண்டும் என்று பிடிவாதம். கான்கிரீட் போடும் முன் பலகை மேல் பால் பவுடர் டப்பாக்களைக் கவிழ்த்துப் பைப்பைச் சேர்த்து வைப்பதாகச் சொன்னீர்கள். கூடத்தில் ஒன்று, என் தையல் மெஷினுக்கு மேலே ஒன்று. பலகையைப் பிரித்தால் பல்புக்குப் பள்ளம் தயார்.

அடுப்புக்கு மேலேயும் ஒன்று கேட்டேன். "வேணாம். கரி புடிச்சி ஒரே மாசத்துல இருட்டாயிரும்" என்றீர்கள். என் வாய் சும்மா இருந்ததா? "ஊரு வூட்டுக்கெல்லாம் வெளிச்சம் போடுற ஆளு. கட்டுனவ மட்டும் இருட்டுல பொங்கணும்" என்றேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். அந்தப் பேச்சைத்தான் இந்த வருஷம் முழுக்க நினைத்து நினைத்து நொந்தேன்.

மறுநாள் கான்கிரீட். வேலையாட்களுக்குச் சமைக்கப் போனால், மிளகாய்த்தூள் காகிதத்தில் கொட்டிக் கிடக்கிறது. டப்பாவைக் காணோம். சித்தாள் பெண்ணைத் திட்டித் தீர்த்தேன். நீங்கள் மேலே நின்று கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள்?

அப்புறம் காமாலை. அரியலூர் ஆஸ்பத்திரியில் உங்கள் பக்கத்தில் நான் இருந்தபோது, இங்கே பலகையைப் பிரித்துப் பூச்சையும் முடித்துவிட்டார் கொத்தனார். இப்போது கேட்டால், "டப்பாவ மறந்து வுட்டுட்டாங்கன்னு நெனச்சேம்மா. ஓட்டயா இருக்கேன்னு வாய மட்டும் பூசி மூடிட்டேன்" என்கிறார். எத்தனை? "ரெண்டோ, மூணோ."

ஒட்டடைக் கம்பால் தட்டித் தட்டித் தேடினேன். "பாத்து அண்ணி, நம்ம தலையில வுழப்போவுது" என்றார் சேகர். கூடத்தில் ஒன்று கிடைத்தது. மெஷினுக்கு மேலே ஒன்று. முடிந்தது என்று கம்பைச் சாத்தி வைத்தேன்.

"இருங்க அண்ணி. சுவிட்ச் பெட்டியில மூணு பைப்பு வாய் இருக்கு. மூணாவது எங்க போவுது?"

கம்பை மறுபடி எடுத்தேன் மாமா. நேரே சமையற்கட்டுக்குப் போய் அடுப்புக்கு மேலே தட்டினேன். டொம்மென்று கேட்டது. சேகர் உளி வைத்துக் கொத்தினார். பூச்சு உதிர்ந்தது. உடனே மிளகாய் நெடியில் அவருக்கு ஏழெட்டுத் தும்மல். "என்ன அண்ணி இது! அண்ணன் டப்பாவக் கழுவக்கூட இல்ல!"

சிரித்துவிட்டேன். அப்புறம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் அத்தனை நாள் இருந்தோமே, ஒரு தரம் சொல்லியிருக்கக் கூடாதா? வீட்டுக்கு வந்து சுவிட்சைப் போட்டுக் காட்டலாம் என்று இருந்தீர்களோ?

அந்தச் சித்தாள் பெண்ணிடம் போய், "டப்பாவ எடுத்தது எங்க வூட்டுக்காரருதான்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாளைக்குப் பால் காய்ச்ச சுமங்கலி யாராவது வரட்டும் என்கிறார்கள். வரட்டும், உட்காரட்டும், பால் குடிக்கட்டும். அந்த விளக்குக்குக் கீழே அடுப்பைப் பற்றவைப்பது நான்தான். பல்புக்கு அடியில் கண்ணாடி போட்டிருக்கிறோம். கரி பிடிக்கத்தான் பிடிக்கும். வெள்ளிக்கு வெள்ளி ஸ்டூல் போட்டு ஏறி நானே துடைத்துவிடுகிறேன்.

உங்கள் மாமன் மகள்,
அஞ்சலை