மூத்தவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திய மாதம்

பிப்ரவரி 3, செவ்வாய்

மூத்தவளுக்கு ஒன்பது வயது. இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அதற்காக வகுப்பு டீச்சர் அவளை ஒன்றாம் வகுப்புக்குக் கூட்டிப்போய், அந்தக் குட்டிப் பிள்ளைகள் முன்னால் சத்தமாகப் படிக்க வைத்திருக்கிறாள். எல்லாரும் சிரித்தார்களாம். தலைமையாசிரியையிடம் போய்க் கேட்டால், "ரோஷம் வந்தாத்தான் படிப்பு வரும்" என்கிறார். வீட்டிலேயே நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று அங்கேயே மாற்றுச் சான்றிதழ் கேட்டேன்.

"வீட்டுல வச்சு நீங்க என்ன கிழிக்கப் போறீங்க?"

பார்க்கலாம்.

பிப்ரவரி 5

பஸ் ஓட்டிவிட்டு வந்த வீட்டுக்காரர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" கேட்கவில்லைதான். கேட்டிருந்தால் "பொறு, பார்ப்போம்" என்பார். எல்லாவற்றுக்கும் பொறுத்துப் பொறுத்துப் பார்க்கிற மனிதர்.

நாத்தனார் போனில்: "மருந்துக்கடையில மாத்திரை எடுத்துக் குடுக்கறவங்கல்லாம் டீச்சரா?" ஆமாம் தாயே. டாக்டர் கிறுக்கலையே படிக்கிறவள் நான்.

பிப்ரவரி 9, திங்கள்

முதல் நாள். கடையில் மாலை ஷிப்டுக்கு மாறிக்கொண்டேன். சாப்பாட்டு மேசைதான் வகுப்பு. ஒன்பதுக்குத் தமிழ், பத்துக்குக் கணக்கு என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். பத்தே காலுக்குள் இருவரும் அழுது முடித்தோம்.

பிப்ரவரி 12

எழுதவே கூசுகிறது.

'வெளிச்சம்' — ஒரே சொல். ஆறு தடவை. ஆறு தடவையும் தப்பு. "ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை படிக்கும்டி இதை!" கத்தியது நான்தான். பென்சில் டப்பா சுவரில் போய் அடித்தது. எறிந்ததும் நான்தான்.

அவள் அழவில்லை. பள்ளிக்கூடப் பையைத் தேடி எடுத்தாள். "நான் ஸ்கூலுக்கே போறேம்மா. அங்கன்னா மணி அடிச்சா வேற டீச்சர் வந்துடுவாங்க."

இப்போது யார்மேல் கோபப்படுவது?

பிப்ரவரி 13

அட்டவணையைக் கிழித்தேன். தலைமையாசிரியை கேட்டாரே — இதைத்தான் கிழித்தேன்.

பிப்ரவரி 16

மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றாள், முகத்தைப் பார்க்காமல். இந்த வாரம் பாடம் கிடையாது. டப்பா பட்டுப் பெயர்ந்த சுவரை அவர் பூசிவிட்டுப் போனார். அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் கோபம் மட்டும் தணியவில்லை. தணியவும் வேண்டாம்.

பிப்ரவரி 26

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே குரல். மூத்தவள் நாலு வயதுத் தங்கையைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கதைப் புத்தகம் படித்துக்காட்டுகிறாள். யாரும் சொல்லவில்லை. 'மரங்கொத்தி', 'மரங்கத்தி' ஆகிவிட்டது. திருத்தச் சொல்லி நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"கத்தின்னா குத்துமா?" என்றாள் சின்னவள்.

மூத்தவள் மறுபடி எழுத்துக்கூட்டினாள்: "இருடி... மரங்... கொத்தி. கொத்தும்டி, குத்தாது."

குழாயை மூடினேன். தண்ணீர்ச் சத்தத்தில் அடுத்த வரி கேட்கவில்லை.