சீட்டில்லாமல் கொடுத்த மாத்திரை

அண்ணே, இன்று காலை அண்ணி உன் காக்கிச் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. உள்ளே நாலு மாத்திரை. அண்ணி குப்பையில் போடப் போனார். நான் பிடுங்கிக்கொண்டேன்.

கீரனூருக்கும் திருச்சிக்கும் தினம் ஆறு நடை பஸ் ஓட்டினாய். முதுகு விட்டுப்போனது. பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த மருந்துக்கடைக்காரன் டாக்டர் சீட்டுக் கேட்காமல் வலி மாத்திரை மடித்துக் கொடுத்தான். இரண்டு வருடம். கால் வீங்கியபோதும் அவனிடம்தான் காட்டினாய். "உக்காந்தே ஓட்டுறீங்கள்ல, நீர் கோத்திருக்குண்ணே. இதயும் சேத்துப் போடுங்க" என்று இன்னொன்றைக் கொடுத்தான். லேபில் வேலை பார்க்கும் தங்கை நான் ஒரே வீட்டில் இருந்தும் என்னிடம் சொல்லவில்லை.

சிறுநீர் நுரையாகப் போகிறதென்று அண்ணி சொல்லித்தான் உன்னை எங்கள் லேபுக்கு இழுத்துப் போனேன். உன் ரத்தத்தை நானே எடுத்தேன். ஒன்றையொட்டி இருக்க வேண்டிய கிரியாட்டினின் எட்டைத் தாண்டியிருந்தது. மெஷின் தப்போ என்று மறுபடியும் போட்டுப் பார்த்தேன். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கியிருந்தன. "முன்னாடியே வந்திருந்தா வலி மாத்திரைய நிறுத்தி, பிரஷரக் கொறச்சு, பல வருஷம் தள்ளியிருக்கலாம்மா" என்றார் டாக்டர்.

அப்புறம் புதுக்கோட்டையில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். தண்ணீரை அளந்து குடித்தாய். வழியில் இளநீர் வண்டியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாய். கடைக்காரனை நான் திட்டும்போதெல்லாம், "விடு ஆத்தா, அவன் என்ன வேணும்னா செஞ்சான்?" என்பாய்.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவன் கடைமேல் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு மனு எழுதினேன். அதிகாரிகள் வந்தார்கள், கடைக்குப் பூட்டு விழுந்தது. அவன் நம் வீட்டு வாசலில் வந்து கையெடுத்துக் கும்பிட்டான்.

"புள்ளகுட்டிக்காரன்மா. மனுவ வாபஸ் வாங்கிக்கங்க."

"எங்கண்ணனுக்கும் ரெண்டு புள்ளைங்க. உள்ள வந்து அதுககிட்ட கேளுங்க."

செருப்பைக்கூட மாட்டாமல் போய்விட்டான். பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

இப்போது திருக்கோகர்ணத்தில் மச்சினன் பெயரில் கடை திறந்திருக்கிறான். போன வாரம் அங்கே போனேன். மூட்டுவலி என்று வந்த ஓர் அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தான்.

"டாக்டரப் பாத்தீங்களாம்மா? இந்த ஆளு சீட்டில்லாமக் குடுத்ததத் தின்னுதான் எங்கண்ணனுக்குக் கிட்னி போச்சு" என்றேன். அந்த அம்மா படியிறங்கிவிட்டார்.

இன்று அந்தப் பொட்டலத்தையும் சேர்த்து இரண்டாவது மனுவையும் எழுதி முடித்தேன். உன் பேச்சை நான் எதிலும் தட்டியதில்லை, அண்ணே. இதில் தட்டுகிறேன். அவன் எந்த ஊரில் கடை போட்டாலும் அதன் படியில் நான் நிற்பேன்.