ஏழரைக்கு வந்த தண்ணீர்

9-3-2009, திங்கள்

முழங்கால் வலி. உட்கார்ந்தபடியே இலக்கணம் நடத்தினேன். செடிகளைப் பற்றி மட்டும் கவலையில்லை. ஓசூரில் இருக்கும் தம்பி குந்துநாதன் குழாயில் மாட்டிக் கொடுத்த கடிகாரப் பெட்டி, விடியற்காலை ஐந்தரைக்குத் தானாகவே தண்ணீர் தூவிவிடுகிறது. கொஞ்சம் சுவரைத் தாண்டித் தெருவில் விழும். அந்நேரம் தெருவில் யார் இருக்கப் போகிறார்கள்?

11-3, புதன்



இன்று தண்ணீர் ஏழரைக்கு வந்தது. தெருவில் பக்கத்து வீட்டுப் பச்சையப்பனின் பட்டுப் பாவு, தறியில் ஏற்றும் நீள இழைகள், கஞ்சி போட்டு, எங்கள் சுவரோரம் நீளமாக இழுத்துக் கட்டியிருந்தது. அவரும் மனைவி ராஜம்மாளும் டீ குடிக்க உள்ளே போயிருந்தார்கள். நொண்டிக்கொண்டே போய்க் குழாயை மூடினேன். அதற்குள் அரக்குச் சிவப்பு கரைந்து மஞ்சள் இழைகளில் இறங்கிவிட்டது. கஞ்சி ஈரத்தில் தண்ணீர் பட்டது தெரியாது. கறை தெரியும்.

யாரும் பார்க்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டேன். ஏன் சாத்தினேன்?

12-3

தம்பிக்குப் போன் செய்தேன். "ராத்திரி கரண்ட் போச்சா அக்கா? திரும்பி வந்தா பெட்டி கடிகாரம் பன்னண்டுலேருந்து ஆரம்பிக்கும்" என்றான். இரண்டு மணிக்குப் போய் வந்தது. அதனால்தான் இரண்டு மணி நேரம் பிந்தியது. பாவு நனைந்ததை அவனிடமும் சொல்லவில்லை.

13-3, வெள்ளி

சாயக்காரர் பழனியைத் தெருவில் நிறுத்திப் பச்சையப்பன் கத்தினார். "சாயம் நிக்கல. இன்னா தொழில் பண்ணிகினு கீற நீ?" பழனி, "நல்லாத்தாண்ணா போட்டேன்... நல்லாத்தான் போட்டேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். இனி அவரிடம் நூல் கொடுப்பதில்லையாம்.

நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். 

15-3, ஞாயிறு

தம்பி போனில் சொல்லச் சொல்லச் செய்தேன். எட்டு டார்ச் பேட்டரி, கரண்டை ஒரே பக்கமாக விடும் இரண்டு டயோடு. கரண்ட் இருக்கும்போது அடாப்டர், போனால் பேட்டரி. பெட்டிக்குக் கரண்ட் போனதே தெரியாதாம். "டயோடுல இருக்குற வெள்ளைக் கோடு பெட்டிப் பக்கம் இருக்கணும் அக்கா. மாத்திடாதே."

ஒன்றைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பேட்டரிகள் கொதித்தன, புளித்த வாடை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தேன். பக்கத்து வீடு முழுக்கப் பட்டு. தீப்பிடித்திருந்தால்? ஐயோ, எனக்கு எதுக்கு இந்த வேலை?

16-3

புதுப் பேட்டரிகள். கோட்டை நான்கு முறை பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு பிளக்கை உருவினேன். திறந்தால், கடிகாரம் ஓடுகிறது. 6:42. 6:43.

சந்தோஷம் வரவில்லை. பழனி முகம்தான் வந்தது.

17-3

இரண்டு முறை கரண்ட் போயிற்று. தண்ணீர் சரியாக ஐந்தரைக்கு.

ராஜம்மாள் வாசலில் சிரித்தார். "இஸ்கோலுக்கா டீச்சர்?" அந்தச் சிரிப்பைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. தெரிந்தால் இப்படிச் சிரிப்பாரா?

18-3, புதன்

சொல்லிவிட்டேன்.

பச்சையப்பன் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். பெட்டி, கரண்ட், ஏழரை, சாத்திய கதவு, எல்லாம் சொன்னேன். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. "அந்த மனுசன நடுத்தெருல நிக்க வெச்சிட்டேனே" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

ராஜம்மாள் மட்டும் கேட்டார். "அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னா டீச்சர்?"



20-3

பச்சையப்பன் வீட்டிலிருந்து பழனி நூல் மூட்டையோடு போனதைப் பார்த்தேன். என் வாசலைத் தாண்டும்போது நின்றார். மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினார். என்ன அர்த்தத்தில் என்று தெரியவில்லை.

25-3, புதன்

ஏழு மணிக்கு ராஜம்மாள் கேட்டைத் தட்டினார். ஒரு வாரத்துக்குப் பிறகு இன்றுதான் என்னிடம் பேசினார். "டீச்சர், தண்ணி வருமா?"

"அஞ்சரைக்கே வந்து நின்னுடுச்சி ராஜம்மா. இன்னிக்கு இனிமே வராது."

சுவரை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார். உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். பாவை இழுத்துக் கட்டினார்கள், முன்பைவிட நாலடி தள்ளி.

அதைச் சுருட்டி எடுக்கும்வரை கேட்டருகிலேயே நின்றேன். பள்ளிக்குத் தாமதம்.