மாலதி திறக்காத கதவு

வியாழக்கிழமை, சுங்கைப் பட்டாணி.

அந்த அறிக்கையில் நான் கையெழுத்துப் போடவில்லை. கூலிம் தொழிற்சாலையில் நேற்று தூசி புகாமல் அடைத்து வைக்கும் எங்கள் கிளீன்ரூமின் காற்றழுத்தம் நான்கு முறை ஏறி இறங்கியிருக்கிறது. என்னோடு வேலை செய்யும் மாலதி கதவைத் திறந்து வைத்ததுதான் காரணம் என்கிறது அறிக்கை. நான் கையெழுத்துப் போட்டால் அவளுக்கு வேலை போய்விடும்.

"சைன் பண்ணும்மா, கதை முடிஞ்சிரும் லா," என்றார் சூப்பர்வைசர்.

"மணி அடிச்ச மாதிரி பன்னெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா யாருண்ணே கதவத் திறப்பா?"

"அப்ப காத்து தானா ஆடுச்சா?" என்று சிரித்தார்.

ஆடித்தான் இருக்கிறது. என் வீட்டு மாடியில் நான் வைத்திருக்கும் அழுத்தமானியின் பதிவை இப்போது பார்த்தேன். அதே நான்கு ஏற்றம், அதே இடைவெளி, ஆனால் முக்கால் மணி நேரம் முன்னதாக. மழை மேகம் கிளப்பிவிட்ட காற்றலை இங்கே தொட்டுவிட்டுத்தான் முப்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள கூலிமுக்குப் போயிருக்கிறது.

நாளை இரண்டு வரைபடங்களையும் அவர் மேசையில் வைப்பேன். மாலதியின் கை சுங்கைப் பட்டாணி வரைக்கும் நீளுமா என்று அவரே சொல்லட்டும்.