ஏழு என்று கத்தியது நான் இல்லை

என் அன்பு மிளகுக்கு,

இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் "வேலை இருக்கும்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார். குளிர் வந்துவிட்டது, காலையில் காரின் முன்கண்ணாடியைச் சுரண்டிவிட்டுத்தான் டிரைவிங் ஸ்கூல் முதல் வகுப்புக்கு எடுக்கிறேன். புதிதாக ஒரு பல் டாக்டர் கற்றுக்கொள்ள வருகிறார், கிளட்சை விடச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்கிறார். என் மகளும் பல் செட் செய்யும் இடத்தில்தான் வேலை பார்க்கிறாள் என்று சொன்னேன், அன்றிலிருந்து நான் சிரிக்கும்போதெல்லாம் என் கடைவாய்ப் பல்லையே பார்க்கிறார். அப்பாவுக்கு முதுகு வலி குறைந்திருக்கிறது, ஆனால் குறைந்தது என்று ஒப்புக்கொண்டால் பால்கனியைக் கழுவச் சொல்வேன் என்று முனகிக்கொண்டே நடமாடுகிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் குளிர்காலத்தில் எல்லோரும் சேர்ந்து தெற்கே வெயில் அடிக்கும் பக்கமாக வேனில் போகிறோம், பத்து நாள், ஐந்து ஊர். முதலில் துறைமுக ஊர், அங்கே இரண்டு நாள், ஸ்வெட்டரைக் கழற்றி மூட்டை கட்டிவிடலாம். பிறகு உப்பளம் இருக்கும் ஊர், அதற்கப்புறம் வெந்நீர் ஊற்று, பிறகு பாலைவனத்தின் ஓரத்தில் ஒரு சின்ன ஊர், கடைசியில் பாலைவனத்தை முழுசாகக் குறுக்கே தாண்டி அந்தப் பக்கத்துப் பெரிய ஊர். சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம்தான், மூன்று நாளாக நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். பாலைவனத்தில் பகலில் வெயில் இதமாக இருக்கும், பொழுது சாய்ந்ததும் குளிர் நம் ஊரையே தோற்கடிக்கும், அதனால் மெல்லிய துணி நாலு, கனத்த துணி இரண்டு என்று எடுத்துக்கொள். மதியத்துக்கு மேல் காற்று கிளம்பி ரோட்டில் மணலைக் கொண்டுவந்து கொட்டும், ஆகவே அதிகாலையில் கிளம்பிப் பதினொரு மணிக்குள் அன்றைய தூரத்தை முடித்துவிடுகிற மாதிரி போட்டிருக்கிறேன். ஒரு பெட்ரோல் பங்குக்கும் அடுத்ததுக்கும் நடுவே எண்பது கிலோமீட்டர், அதற்குள் ஒரு டீக்கடைகூட இல்லை. இதெல்லாம் எனக்கு எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று உனக்குத் தெரியும்.

ஆமாம், அதே ரோடுதான். இருபத்திரண்டு வருஷமாக நம் வீட்டில் என் பெயரைச் சொன்னாலே சிரிக்க வைக்கிற அதே ரோடு. உன் பெரியப்பா தொப்பி மாட்டிக்கொண்டு வேனை ஓட்டினார், அதனால்தானே கேப்டன் என்று பெயர். வண்டி கிளம்புமுன் ஆளாளுக்குத் தன் எண்ணைக் கத்த வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். ஒன்று அவர், இரண்டு பெரியம்மா, மூன்றும் நாலும் அவர்கள் பிள்ளைகள், ஐந்து அப்பா, ஆறு நீ, ஏழு நான். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, எண் வந்தால் ஆள் இருப்பதாகக் கணக்கு. அன்று காலையில் அவர் தப்பான ரோட்டில் திருப்பினார், தப்பு என்று நான் சொன்னேன், ஊருக்கே வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள் எனக்கு ரோடு தெரியாதா. இருபது கிலோமீட்டர் போய்த் திரும்பி வந்தோம், எல்லோர் முன்னாலும் அவர் முகம் தொங்கிப்போனது. அடுத்த பங்கில் நான் பின்புறம் பாத்ரூமுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் வேன் இல்லை, ரோட்டில் தூசு மட்டும் நிற்கிறது. கைப்பை வேனில், தண்ணீர் வேனில், காலில் கிடந்த செருப்பு மட்டும்தான் என்னிடம். பஞ்சர் ஒட்டுகிறவர் ஒரு பழைய டயரைப் புரட்டிப்போட்டு "உக்காருங்கம்மா, வந்துருவாங்க" என்றார். அரைமணிக்கு ஒருமுறை அதையே சொன்னார், பாவம், சொல்லச் சொல்ல அவர் குரலே இறங்கிக்கொண்டு போயிற்று. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அப்பா காய்ச்சல் மாத்திரை போட்டுக் கடைசி சீட்டில் படுத்திருந்தார், நான் அவர் பக்கத்தில் இருப்பதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள், அடுத்த பங்கில் இறங்கும்போதுதான் நான் இல்லை என்று தெரிந்ததாம்.

திரும்பி வந்ததும் உன் பெரியப்பா என்ன சொன்னார் ஞாபகம் இருக்கிறதா. "ஏழுன்னு நீதாம்மா கத்தினே, கத்திட்டு மறுபடி எதுக்கு எறங்கினே?" அப்பாவும் தூக்கக் கலக்கத்தில் என் குரல் கேட்டதாகச் சொன்னார். பெரியம்மாவும் கேட்டேன் என்றாள். அத்தனை பேர் சொன்னால் மனுஷிக்குச் சந்தேகம் வராதா. எண்ணைக் கத்திவிட்டு இறங்கிப்போனவள் என்று எனக்கு முத்திரை குத்தியாயிற்று. கல்யாணம், பிறந்தநாள், புது மருமகள் வீட்டுக்கு வந்த அன்று, எதிலும் இந்தக் கதை இல்லாமல் பந்தி முடிந்ததில்லை. சிரித்துத் தொலைத்தேன். ஆனால் வீட்டைப் பூட்டினேனா என்று மூன்று தடவை திரும்பிப்போய் இழுத்துப் பார்ப்பது அன்றைக்குத் தொடங்கியதுதான், அது யாருக்கும் தெரியாது. எனக்கு மறதி வியாதி வருகிறது என்று நானே நம்பி, அப்பாவுக்குச் சொல்லாமல் டாக்டரிடம் போய்த் தலையை ஸ்கேன்கூட எடுத்துப் பார்த்தேன்.

போன மாதம் பெரியப்பாவுக்கு எழுபது. சாப்பாடு முடிந்து வயிறு நிறைந்த சந்தோஷத்தில், இனிமேல் உண்மையைச் சொன்னால் என்ன என்று ஆரம்பித்தார். என் மூக்கை உடைக்கத்தான் வேண்டுமென்றே கிளப்பினாராம், அடுத்த வளைவு வரை போய்த் திரும்பலாம் என்று நினைத்தாராம், அப்புறம் இன்னும் கொஞ்ச தூரம் போனால்தான் புத்தி வரும் என்று தோன்றியதாம். ஏழு என்று கத்தியது நீ. "அம்மா மாதிரி கத்து பாப்போம்னு சொன்னேன், வாண்டு அப்படியே கத்துச்சு பாரு" என்று மேசையைத் தட்டிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். என் கூடப் பிறந்த அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன், மிளகு, அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது. அடுக்களைக்குள் போய்க் கழுவி வைத்த தட்டுகளையே மறுபடியும் கழுவினேன்.

மறுநாள் காலையில் அவரே போன் செய்தார். கண்ணில் புரை, இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம், மூட்டுவலிக்கு வெயில் காய்கிற இடத்துக்குப் போகச் சொன்னாராம். "நீதாம்மா ஓட்டணும், பிளானும் நீயே போட்டுரு" என்றார். நான் "அதுக்கென்ன அத்தான், போட்டுட்டா போச்சு" என்றேன், என் குரலில் தேன் வழிந்தது என்று அப்பா பயந்துபோனார். பயப்பட வேண்டியதுதான். அவருக்குக் கடைசி சீட், பின் சக்கரத்துக்கு நேர் மேலே. ஜன்னல் திறக்காத பக்கம். அவருடைய பழைய சிநேகிதர் இருக்கும் ஊர் வழியாகப் போகலாமே என்றார், சுற்று என்று அடித்துவிட்டேன். வழி சொல்ல வாயைத் திறந்தால் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவேன். ஆனால் இதெல்லாம் ஊறுகாய் மாதிரி, சாப்பாடு வேறு இருக்கிறது. அந்தப் பங்குக்கே போன் போட்டு விசாரித்துவிட்டேன், இன்னும் இருக்கிறது, பாத்ரூம் இன்னும் பின்புறம்தான், சுற்றிப் போய் வர எழுபது வயது மூட்டுக்குப் பத்து நிமிஷம் ஆகும். எட்டாம் நாள் காலை ஏழரைக்கு அங்கே நிற்போம். பெரியம்மா, அவள் மகன் உன் அண்ணன், அண்ணி, அப்பா எல்லோரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டி கிளம்பும். இந்தத் தடவை மறதி என்று யாரும் பூசி மெழுகக் கூடாது. அப்பாவிடம் மட்டும் சொன்னேன், "பாவம்டி, வயசானவர்" என்றார். எனக்கு அப்போது வயது முப்பத்தாறு, அதற்கு யார் பாவம் பார்த்தார்கள் என்று கேட்டேன். அப்பாவோ, அவர் கையில் தண்ணீர் பாட்டிலாவது இருக்கட்டும் என்றார். சரி, தண்ணீர் இருக்கட்டும். நான் அவ்வளவு கெட்டவள் இல்லை, நிழலில் ஒரு நாற்காலிக்கும் ஏற்பாடு செய்திருக்கிறேன்.

இப்போது உனக்கு. நீ சின்ன வயதில் எல்லார் மாதிரியும் பேசிக் காட்டுவாய், தபால்காரர், உன் கணக்கு டீச்சர், பக்கத்து வீட்டு நாய் உட்பட. அந்தப் பயணத்துக்கு அப்புறம் ஒரு நாளும் நீ பேசிக் காட்டியதில்லை. பிள்ளை வளர்ந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன். குளிர்காலம் வந்தால் லீவு இல்லை என்பாய், அந்தக் கதையை யாராவது ஆரம்பித்தால் தட்டோடு எழுந்து போவாய், வேலை கிடைத்ததும் உலகத்தின் அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்தாய். ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு பெரிய மனுஷன் சொன்னதைச் செய்தது, அவ்வளவுதான். உன்மேல் எனக்குக் கோபமே இல்லை, இந்த வரியை இரண்டு தடவை படி. என்னைப் பாலைவனத்தில் விட்டதைக்கூட ஒரு நாள் மன்னித்துத் தொலைப்பேனோ என்னவோ. அந்தக் குற்றத்தை உன் வாயில் வைத்துத் திணித்து, இத்தனை வருஷம் நீ அதை முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கிடந்ததை வேடிக்கை பார்த்தாரே, அதற்கு எனக்கு மன்னிப்புத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் போவதில்லை.

அதனால் நீ வர வேண்டும். வேனில் ஏழு பேர் இடம், ஒன்று உனக்கு. அந்த பங்க் வரை நான் ஓட்டுவேன், அவரை இறங்க வைப்பது என் பொறுப்பு. அங்கிருந்து ஸ்டியரிங் உன் கையில். எந்த வளைவில் திருப்புவது, அடுத்த பங்கிலா, அதற்கும் அப்பாலா, நீ முடிவு செய். நான் பக்கத்து சீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பேன். டிரைவிங் ஸ்கூல் கார் மாதிரி அந்த வேனில் என் காலடியில் பிரேக் கிடையாது, இருந்தாலும் மிதிக்க மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, பல் தூள் பறக்கும் இடத்தில் முகமூடி இல்லாமல் உட்காராதே, தனியாக இருக்கிறோம் என்று நினைக்காதே. நோய் நொடி இல்லாமல், யாருக்கும் பயப்படாமல் நூறு வயது இருக்க வேண்டும் நீ. டிக்கெட் போட்டதும் ஒரு வரி எழுது, விளக்கமெல்லாம் வேண்டாம், வருகிறேன் என்று மட்டும் போதும். மறக்காமல் உன் டிரைவிங் லைசென்ஸை எடுத்து வா.

இப்படிக்கு,
எண்ணைக் கத்தாமல் இறங்கிய
உன் அம்மா