ஒல்லாந்தில் பிறக்காதவனுக்கு

மச்சான்,

தபாலில் வந்த உறையை இன்னும் திறக்கவில்லை. உன் கல்லுக்குக் கீழே வைத்திருக்கிறேன். நெடுந்தீவுக் கல்வேலி ஒன்றிலிருந்து நீ உருவிக்கொண்டு வந்த அந்தப் பவளக்கல், இப்போது எங்கள் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. மூக்கருகே பிடித்தால் கடல் மணக்கிறது என்று நான் சொல்கிறேன். அது ஊறுகாய் மணம் என்கிறாள் மனைவி.

உறைக்குள் இருப்பது உன் மரணப் பதிவின் பிரதி. நீ எங்கே பிறந்தாய் என்று அதில் எழுதியிருப்பார்கள். பார்க்கப் பயமாக இருக்கிறது. அதனால்தான் முதலில் உனக்கு எழுதுகிறேன்.

சுவிசுக்கு வந்த புதிதில் நம் இரண்டு பேரின் அகதிப் படிவங்களையும் நிரப்பியவன் நான். பள்ளிக்கூட ஓ.எல். பரீட்சையில் ஆங்கிலத்தில் சாதாரண சித்தி, அதாவது வெறும் பாஸ், எடுத்த திமிர். என்னுடையதை ஒழுங்காகத்தான் எழுதினேன். உன்னுடையது இரண்டாவது, அதற்குள் பண்டிதனாகிவிட்டேன்.

"பிறந்த இடம் நெடுந்தீவு எண்டு எழுது" என்றாய்.

"வெள்ளைக்காரன்ர வாயில அது வராதடா. இங்கிலீசுப் பேர் இருக்கெல்லோ."

டெல்ஃப்ட் என்று வளைத்து வளைத்து அழகாக எழுதினேன். நாடு என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன். டெல்ஃப்ட் எங்கே இருக்கிறது என்று உலகத்துக்கே தெரியும் என்பது என் எண்ணம். உலகத்துக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் அது வேறு டெல்ஃப்ட். உன் வதிவிட அட்டைக்கான தாள் வந்தபோது, நீ பிறந்த நாடு நெதர்லாந்து என்றிருந்தது.

"டேய், என்னை ஒல்லாந்தனாக்கிப் போட்டியே" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பிறகு சிரிப்பு நின்றது. "எங்கட ஆக்கள் கல்லுக் கல்லா அடுக்கின தீவுக்கு அவன் தன்ர ஊர்ப் பேரை ஒட்டிப்போட்டுப் போனான். இப்ப என்னையும் தன்ர ஊரில பிறக்க வைச்சிட்டான்."

ஒல்லாந்தர் வரலாற்றை நாம் புத்தகத்தில் படித்ததைவிட அதன்மேல் ஏறி விளையாடியதுதான் அதிகம். இடிந்த கோட்டைச் சுவரில் ஓடினோம். அவர்கள் தூதுப் புறா வளர்த்த கூட்டின் பொந்துகளுக்குள் கைவிட்டுப் பார்த்தோம். வெளியில் மேய்ந்த குதிரைகளைப் பிடிக்கப் போய் உதை வாங்கியவன் நான். கொண்டுவந்தவர்கள் போய்விட்டார்கள், குதிரைகள் மட்டும் எவன் சொல்லும் கேளாமல் நிற்கின்றன. அந்தக் குதிரைகளைப் போலத்தான் நீயும்.

நான் சுவிஸ் குடியுரிமைச் சோதனைக்குப் பாடமாக்கியபோது என் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டவன் நீ.

"சுவிசில எத்தினை மாநிலம், கன்ரோன்?"

"இருபத்தாறு."

"மழை வந்தா எங்கட பெருக்கமரப் பொந்துக்குள்ள எத்தினை பேர் நிக்கலாம்?"

"நாலு."

"ஏழு பேர் நிண்டனாங்கள். ஏழாவது ஆள் நீ. இது தெரியாதவனுக்கு ஒரு பாஸ்போட்டோ?"

கடவுச்சீட்டு கிடைத்தது. இந்த நாட்டுக் கடவுச்சீட்டில் பிறந்த ஊரைப் போடுவதில்லை, பூர்வீக ஊரைத்தான் போடுவார்கள். என்னுடையதில், நாம் குடியேறிய சுவிஸ் நகரமான பீல் என்று இருந்தது. உனக்கு ஒரு மாதத்துக்கு அந்தச் சிரிப்பே போதுமாயிருந்தது. நீயோ கடைசிவரை விண்ணப்பிக்கவே இல்லை. "என்ர தீவைப் பிழையா எழுதி வைச்சிருக்கிறவன் தாற புத்தகம் எனக்கு வேண்டாம். பிழை விட்டது நீ. திருத்துறதும் நீதான்." அடுத்த மாதம் செய்கிறேன் என்றேன். அந்த அடுத்த மாதம் இருபது வருடத்துக்கு மேல் நீண்டது. போன குளிர்காலத்தில் உன் நெஞ்சு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகுதான் எனக்கு ரோசம் வந்தது. தீவுக் கோயிலுக்கு எழுதி உன் ஞானஸ்நானப் பத்திரத்தின் பிரதியை எடுத்து, மொழிபெயர்ப்பித்து, மகளையும் கூட்டிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் பொறுமையானவர்.

"கணினியில் டெல்ஃப்ட், இந்தத் தாளில் வேறு பெயர். இரண்டும் ஒரே இடம் என்று நான் எப்படி எடுத்துக்கொள்வது?"

மகள் பதில் சொல்ல வாயெடுத்தாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். என் டொச், அந்த ஜெர்மன் மொழி, எந்த லட்சணம் என்று உனக்குத் தெரியும். வினைச்சொல் எங்கே போய் விழும் என்று எனக்கே தெரியாது. இருந்தும் நான்தான் கேட்டேன்.

"இந்த ஊர் பீலா, பியெனா?"

"இரண்டும்தான். டொச்சில் பீல், பிரெஞ்சில் பியென்."

"அப்ப ரெண்டு ஊரோ?"

"இல்லை, ஒன்றுதான்."

"எங்கட தீவும் ஒண்டுதான். ரெண்டு பேர். அதில ஒண்டு நாங்கள் வைச்சது. அதை எழுதுங்கோ. நாடு இலங்கை."

அவர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். பிறகு எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். நெடுந்தீவுக்கு ஆங்கில எழுத்தில் பதினொன்று. ஒவ்வொன்றாகச் சொன்னேன். வெளியே வந்ததும், "அப்பா, நீங்கள் கத்தினீங்கள்" என்றாள் மகள். "ஓம் பிள்ளை, அவனுக்கும் கேக்கவேணுமெல்லோ" என்றேன்.

சரி, உறையைத் திறக்கிறேன்.

நாடு இலங்கை என்று இருக்கிறது மச்சான். நெதர்லாந்து போய்விட்டது. டெல்ஃப்டும் போய்விட்டது. ஊர்ப் பெயரை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். பத்து. திரும்ப எண்ணினேன், பத்துத்தான். தீவின் நெடிலுக்கு இரண்டு ஆங்கில 'ஈ' போடவேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது. என் வாயிலிருந்து விழுந்ததோ, அவர் விரலிலிருந்து விழுந்ததோ தெரியாது. என் கல்வித் தகைமைக்கு, என் வாயைத்தான் சந்தேகிக்கிறேன்.

மகள் எட்டிப் பார்த்தாள். "ஒரு எழுத்துத்தானே அப்பா, விடுங்கோ. ஒருத்தருக்கும் தெரியாது."

"விட்டா அது திவு, பிள்ளை. தீவு இல்லை."

நீ பேசுகிற மாதிரியே இருந்தது. உன் பிடிவாதத்தை எப்போது என்னிடம் தள்ளிவிட்டுப் போனாய் என்று தெரியவில்லை. கல்லைச் சட்டைப்பையில் எடுத்துப் போட்டிருக்கிறேன். கனமாகத்தான் இருக்கிறது, சட்டை ஒரு பக்கம் இழுக்கிறது.

அலுவலகம் எட்டு மணிக்குத் திறக்கும். அடுத்த மாதம் இல்லை மச்சான், நாளைக்கே போறன்.